மூக்கறு யுத்தமும் அதற்கு வித்திட்டவர்களும்

சரவணம்பட்டி வழியே வடக்கு நோக்கிச் செல்லும் பாதையைச் சத்தியமங்கலம் சாலை என்கிறோம். அன்னூரையும் புளியம்பட்டியையும் தாண்டி, பவானியைக் கடந்து, திம்பம் மலையேறி, மைசூர்ச் சீமையை அடைவது அது. நாள்தோறும் அதில் போய்வருவோருள், 1656-ஆம் ஆண்டில் அம்மலைகளுக்கு அப்பாலிருந்து சத்தியமங்கலத்தின்மீது பாய்ந்த சைன்யத்தை நினைப்பவர் எத்தனை பேர்?

மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜர் அனுப்பிய சைன்யம் அது. கைப்பட்ட ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றி மேலுதட்டோடு மூக்கை அறுத்து, மூட்டை மூட்டையாகத் தலைநகருக்கு அனுப்பினார்கள். மூக்கின் கணக்குக்குத் தக்க வெகுமதி! திருமலை நாயக்கர் அப்போது நோயுற்றுக் கிடந்தார். மதுரையைக் காத்தவர் ராமநாதபுரத்துச் சேதுபதி. அவருடைய மறவர் படையே எதிரியைத் துரத்தியது. பிறகு மதுரைச் சைன்யம் மைசூர்ச் சீமைக்குள் புகுந்து அங்குள்ளோர் மூக்குகளை அறுத்தது. அக்காலத்தில் மதுரை நாட்டில் வாழ்ந்த யேசு சபைப் பாதிரியார் புரோயன்சா 1659-இல் எழுதிய கடிதம் இவற்றையெல்லாம் விவரிக்கிறது.

இந்தக் கொடுமைக்கு மூலம் எது? 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்ததே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. தலைக்கோட்டைக்குப் பின்னும் ராஜ்யம் பெனுகொண்டாவிலும் சந்திரகிரியிலும் வேலூரிலும் நின்று நிலவிற்று. இரண்டாம் வேங்கடபதி ராயர் 1586 முதல் 1614 வரை அதை ஒருவாறு தூக்கி நிறுத்தினார். அவர் கண்மூடிய பின்னர் நடந்ததுதான் உண்மையான வீழ்ச்சி. அது உள்ளிருந்தே வந்தது.

வேங்கடபதி தம் அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை வாரிசாக நியமித்தார். ராணியின் உறவினனான ஜக்கராயன் வேறொரு சிறுவனை அரசனாக்க விரும்பி, ஸ்ரீரங்கரையும் அவர் குடும்பத்தையும் சிறையிலேயே கொல்வித்தான். ஒரே ஒரு மைந்தன், ராமதேவன், யாசம நாயக்கரின் முயற்சியால் தப்பினான்; ஒரு வண்ணான் துணிமூட்டையில் ஒளித்து வெளியே கொண்டுவந்தான் என்பது அக்காலத்துப் போர்த்துகேசியரின் குறிப்பு. ராஜ பக்தி சேனாதிபதிகளிடம் இல்லாத காலத்தில் சலவைத் தொழிலாளியிடம் இருந்தது! மதுரையும் செஞ்சியும் ஜக்கராயன் பக்கம். தஞ்சை ரகுநாத நாயக்கர் ராமதேவன் பக்கம். கல்லணைக்கு அருகில் தோப்பூரில் 1616-ஆம் ஆண்டையொட்டிப் பெரும்போர் நடந்தது. ஜக்கராயன் மடிந்தான், ராமதேவன் வென்றான். எனினும் சக்கரவர்த்தி என்ற பெயருக்கிருந்த மதிப்பு அன்றே போயிற்று.

தோப்பூரில் மூண்ட தீ திருமலை நாயக்கர் காலத்தில் நாடெங்கும் பரவியது. மதுரை மகாலின் தூண்களைக் கண்டு வியக்காதவர் இல்லை, நாமும் வியந்தோம். ஆனால் 1642-இல் பட்டமேறிய மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் நாயக்கர்களை அடக்க முனைந்தபோது, திருமலை நாயக்கர் கோல்கொண்டா சுல்தானுக்கு ஆளனுப்பி, ராயரைத் தாக்கும்படி தூண்டினார். சுல்தான் வேலூரோடு நிற்பானா? அவன் படை செஞ்சியை நெருங்கியதும், அஞ்சிய நாயக்கர் பீஜப்பூர்ப் படையை வரவழைத்தார். வந்த பீஜப்பூரார் கோல்கொண்டாவுடன் கைகோத்து, 1649 வாக்கில் செஞ்சியைத் தமதாக்கிக்கொண்டார்கள். மதுரையும் தஞ்சையும் கப்பம் கட்டின. நாடிழந்த ராயர் மைசூரில் அடைக்கலம் புகுந்தார். அது கண்டு கலங்கிய நாயக்கர் மைசூரின்மீதும் அந்நியரை ஏவினார். அதற்கு மைசூர் தீர்த்த பழிதான் மூக்கறு யுத்தம்.

இது நம்மவர்க்கு மட்டும் உரிய நோயன்று. உலகை நடுங்கவைத்த மங்கோலியரைப் பாருங்கள். 1259-இல் மங்கே கான் இறந்ததும் அவர் தம்பியர் குப்ளாயும் அரிக்போகேயும் நாலாண்டுகள் பொருதனர். மேற்கே பெர்க்கே கான், தன் பெரியப்பன் வழிச் சகோதரனோ சிற்றப்பன் வழிச் சகோதரனோ என்று பாராமல் ஹுலாகுவுக்கு எதிராக எகிப்து சுல்தான் பைபார்ஸுடன் உறவுகொண்டான். பங்காளியைக் கெடுக்கப் பக்கத்து வீட்டானைக் கூப்பிடும் இப்புத்தியை, இன்று கட்சிப் பூசலில் எதிர்க்கோஷ்டியை வீழ்த்த எவன் வாசலிலும் நிற்கத் துணியும் நம் தொண்டர் சிலரிடமும் காண்கிறோம்.

திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாதரும் பாடம் கற்கவில்லை. 1673-இல் தஞ்சையை அழித்தார். விஜயராகவ நாயக்கர் போர்க்களத்தில் மாண்டார். தஞ்சை வாரிசுக்காக பீஜப்பூர் அனுப்பிய ஏகோஜி, சில ஆண்டுகளுக்குள் தாமே தஞ்சை மன்னரானார். மதுரையின் கதை 1736-இல் முடிந்தது: ராணி மீனாட்சியும் அவளுடைய எதிரி பங்காரு திருமலையும் உட்சண்டையிட, சந்தா சாகிப் மதுரையைக் கைப்பற்றினார்.

இவர்களெல்லாம் சண்டையிட்ட காலத்தில் கொங்கு நாட்டுக் குடியானவனை யார் கேட்டார்கள்? மதுரையின் பலம் குறையக் குறைய மைசூர் இங்கே இறங்கிற்று. 1667-இல் ஈரோடு போயிற்று, சிக்கதேவராஜர் காலத்துக்குள் கொங்கின் பெரும்பகுதியும் போயிற்று. 1799-இல் திப்பு வீழ்ந்ததும் கோயமுத்தூர் சீமை கும்பினியாரிடம் சேர்ந்தது. பவானியும் மோயாறும் கூடுமிடத்தில் நின்ற டணாயக்கன்கோட்டை இப்போது பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. கோடையில் தண்ணீர் மிகவும் வற்றினால் அதன் இடிபாடுகள் தலைகாட்டும்.