'உங்க ஒர்க் லிங்க் அனுப்புங்க': போர்ட்ஃபோலியோ இணையதளத்தில் எதைக் காட்டணும், எதை விடணும்?

டிசைனர், போட்டோகிராபர், வீடியோ எடிட்டர், கன்டென்ட் ரைட்டர், டெவலப்பர் என எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் இப்போது ரெஸ்யூமேவோடு சேர்ந்து வரும் கேள்வி இது: 'உங்க ஒர்க் லிங்க் இருந்தா அனுப்புங்க.'

பலரும் அவசரத்துக்கு இன்ஸ்டாகிராம் பக்கத்தையோ, கூகுள் டிரைவ் ஃபோல்டரையோ அனுப்பிவிடுகிறார்கள். முதலாவதில் வேலைக்கு நடுவே பிறந்தநாள் கேக்கும் மூணாறு ட்ரிப்பும் வரும். இரண்டாவது, திறக்கும்போதே பெர்மிஷன் கேட்டு நிற்கும். பார்ப்பவர் அடுத்த ஆளின் லிங்க்குக்குப் போய்விடுவார்.

அதற்கான தீர்வுதான் சொந்தமாக ஒரு போர்ட்ஃபோலியோ இணையதளம். அதை எப்படி அமைப்பது?

சோஷியல் மீடியா பக்கம் போதாதா?

நாலு பேர் கண்ணில் பட அது உதவும். ஆனால் அந்த இடம் உங்களுடையது இல்லை.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அதில் மட்டுமே தங்கள் வீடியோக்களையும் ரசிகர்களையும் வைத்திருந்தவர்களுக்கு, காட்டுவதற்கென்று ஒரு முகவரி இல்லாமல் போனது. மைஸ்பேஸ் தளத்தில் 2016-க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும் சர்வர் மாற்றத்தில் அழிந்துபோன விஷயம் 2019-ல் வெளியே வந்தது. அதற்கும் முன்பு, லட்சக்கணக்கானோர் முதன்முதலாக வெப் பக்கம் உருவாக்கிப் பழகிய ஜியோசிட்டீஸை யாகூ 2009-ல் மூடிவிட்டது.

எனவே பிஹான்ஸ், லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் எல்லாம் இருக்கட்டும். அவற்றைப் பார்த்து வருபவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் உங்கள் பெயரில் இருக்கட்டும். டொமைன் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. புதுப்பிக்க மறந்தால் அதே பெயரை வேறு யாராவது வாங்கிவிடலாம். அதனால் ஆட்டோ ரினியூவலை ஆன் செய்துவைப்பது நல்லது. கோடிங் கொஞ்சம் தெரிந்தவர்கள் கிட்ஹப் பேஜஸில் 1 ஜிபி வரையிலான தளத்தை இலவசமாக வைக்கலாம், அதில் சொந்த டொமைனையும் இணைக்கலாம். தெரியாதவர்களுக்கு வேர்ட்பிரஸ், விக்ஸ், ஃபிரேமர் போன்றவை இருக்கின்றன. எதில் செய்தாலும் ஒரிஜினல் ஃபைல்களின் காப்பி ஒன்று உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

கிரியேட்டிவ் என்றால் அனிமேஷனா?

2000-களில் டிசைனர்களின் தளங்கள் பலவும் ஃபிளாஷில் செய்யப்பட்டவை. திறந்ததும் இசை ஒலிக்கும், பெயர் சுழன்று வரும், 'லோடிங்' என்று சதவீதம் ஓடும். 2007-ல் வந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவே இல்லை. 2020 டிசம்பர் 31-உடன் அடோபியும் ஆதரவை நிறுத்தியது. மாற்றி எழுதப்படாத தளங்கள் பிரவுசரில் காலிப் பெட்டிகளாக நின்றன. அதே காலத்தில் சாதாரண எச்டிஎம்எல்-லில் எழுதப்பட்ட பக்கங்கள் இன்றும் திறக்கின்றன.

அப்படியென்றால் விளையாட்டே கூடாதா? அப்படியும் இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த டெவலப்பர் புரூனோ சிமோனின் போர்ட்ஃபோலியோவில் நீங்கள் ஒரு குட்டி காரை ஓட்டிக்கொண்டே அவருடைய வேலைகளைப் பார்க்கலாம். உலகம் முழுக்கப் பேசப்பட்ட தளம் அது. அவர் செய்வதும் கற்றுக்கொடுப்பதும் பிரவுசரில் ஓடும் 3டி தொழில்நுட்பம் என்பதால் அந்த கார் அவருக்குப் பொருந்துகிறது. அங்கே தளமே அவருடைய வேலைக்கான சாட்சி.

அதே காரை ஒரு திருமண போட்டோகிராபர் தன் தளத்தில் ஓடவிட்டால், போட்டோ பார்க்க வந்தவர்கள் எரிச்சலாகிவிடுவார்கள். அவருக்குத் தேவை பெரிய படங்கள், அமைதியான பின்னணி, சீக்கிரம் திறக்கும் பக்கம். 'இது என் வேலையைக் காட்டுதா, இல்ல மறைக்குதா?' என்று ஒவ்வொரு அலங்காரத்தையும் கேட்டுப் பார்த்தால் பாதி தானாகவே கழன்றுவிடும்.

எத்தனை வேலைகளை வைப்பது?

கல்லூரியில் செய்த முதல் போஸ்டரில் தொடங்கி எல்லாவற்றையும் அடுக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பார்ப்பவர் உங்கள் சுமாரான வேலையில் கைவைக்கும் வாய்ப்பும் அதனால் கூடுகிறது. நல்லதாக நான்கைந்து போதும். அடுத்து எந்த மாதிரி வேலை வேண்டுமோ, அதற்கு நெருக்கமானது முதலில் வரட்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் படத்தோடு சிறு விளக்கமும் வேண்டும். என்ன பிரச்சினை, அதில் உங்கள் பங்கு என்ன, ஏன் இந்த முடிவை எடுத்தீர்கள், கடைசியில் என்ன ஆனது என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் பதில் இருந்தால் போதும்.

உதாரணமாக, 'இனிப்புக் கடை பேக்கேஜிங் டிசைன்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. 'கடையில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். மூடியில் இருந்த பெயர் யாருக்கும் தெரியவில்லை. அதனால் பெயரைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தேன்' என்று எழுதினால், எழுதியவர் கடைக்கு நேரில் போய்ப் பார்த்திருக்கிறார் என்பது புரிந்துவிடும். இன்றைக்கு ஏஐ நிமிடத்தில் பத்துப் பெட்டிகளை வரைந்து தரும். வேலை கொடுப்பவர் தேடுவது அந்தக் கவனிப்பைத்தான்.

டீமாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மிகைப்படுத்தல் வெளுத்துவிடும்.

கிளையன்ட்டே இல்லாத ஃபிரெஷர்கள் என்ன செய்வது? உங்கள் ஊர் பேருந்து நிலைய நேர அட்டவணையை எளிதாகப் படிக்கும்படி மாற்றி வடிவமைக்கலாம். தெருமுனைக் கடைக்கு மெனு கார்டு செய்யலாம். 'இது என் சொந்த முயற்சி' என்று அதில் குறிப்பிட்டுவிட வேண்டும்.

போனில் எப்படித் தெரியும்?

லேப்டாப்பில் செய்கிறோம். லிங்க்கோ வாட்ஸ்அப்பில் போய் போனில்தான் திறக்கிறது. கவனிக்க வேண்டியவை:

- வேகம்: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். கேமராவில் இருந்து வந்த பெரிய படங்களை அப்படியே ஏற்றாமல், அளவைக் குறைத்து வெப்பி ஃபார்மட்டில் வையுங்கள்.
- நிறம்: வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து ஸ்டைலாக இருக்கும், வெயிலில் நின்று பார்த்தால் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் வேண்டும் என்கிறது சர்வதேச அணுகல் வழிகாட்டி.
- தமிழ் எழுத்து: யூனிகோடில் இருந்தால்தான் கூகுள் தேடலில் சிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டுமரன் போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். 'கீ', 'மூ' போல மேலும் கீழும் நீளும் எழுத்துகள் இருப்பதால் வரி இடைவெளியை ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள்.
- லிங்க் பிரிவியூ: வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டதும் படமும் தலைப்பும் வருவதற்கு 'ஓப்பன் கிராஃப்' குறிச்சொற்கள் வேண்டும். பெரும்பாலான டூல்களில் இதற்கு செட்டிங்ஸில் இடம் உண்டு.
- தொடர்பு: மெயில் முகவரி தேடாமலே கிடைக்க வேண்டும்.

செய்த வேலை எல்லாம் உங்களுடையதா?

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ன்படி, சம்பளத்துக்குப் பணியாற்றும்போது பணியின் பகுதியாக உருவாக்கிய படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிதான் முதல் உரிமையாளர். பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுக்கும் போட்டோவும் அப்படியே. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை கிளையன்ட்டுக்குப் போகும். 'இதை உருவாக்கியது நான்' என்று சொல்லும் உரிமையை பிரிவு 57 படைப்பாளிக்குத் தருகிறது. ஆனால் படைப்பையே இணையத்தில் போடுவது வேறு விஷயம்.

இதற்கு வழி சுலபம். வேலை தொடங்கும்போதே ஒப்பந்தத்தில், குறைந்தபட்சம் மெயிலில், 'இதை என் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம்' என்று ஒரு வரியை எழுதி வாங்கிவிடுங்கள். திருமணப் படம் என்றால் மணமக்களிடமும் கேளுங்கள். ரகசிய ஒப்பந்தம் போட்ட வேலையைப் பாஸ்வேர்டுக்குப் பின்னால் வைப்பதற்கும் அனுமதி தேவை.

லிங்க்கை அனுப்பும் முன்

உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், அக்காவோ பக்கத்து வீட்டு அங்கிளோ யாராக இருந்தாலும் சரி, அவருடைய போனிலேயே தளத்தைத் திறந்து கொடுங்கள். வைஃபையை ஆஃப் செய்துவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து, 'நான் என்ன வேலை பண்றேன்னு புரியுதா?' என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் முதலில் மாற்ற வேண்டியது முகப்புப் பக்கத்தின் முதல் வரியை. கலரையும் அனிமேஷனையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.