பேர் இருக்கு, பிள்ளை எங்கே? பள்ளிச் சேர்க்கைக்கும் வருகைக்கும் நடுவில் நடப்பது என்ன?

2023 மார்ச் 13, பிளஸ் 2 பொதுத்தேர்வின் முதல் நாள். தமிழ்நாடு முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மொழிப்பாடத் தேர்வு எழுத வரவில்லை. ஹால் டிக்கெட் இருந்தது, மேசையில் நம்பர் இருந்தது, ஆள்தான் இல்லை. பயமா, உடம்பு சரியில்லையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பள்ளிக்கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி சொன்ன விளக்கம் வேறு. கொரோனா காலத்தில் தேர்வு இல்லாமல் 10ஆம் வகுப்பு தேர்ச்சி பெற்ற பேட்ச் அது. பிளஸ் 1-லேயே வராமல் நின்றுபோன பலரின் பேரும் பட்டியலில் அப்படியே தொடர்ந்திருக்கிறது. அதாவது, அந்தப் பிள்ளைகளில் பலர் தேர்வன்று காணாமல் போகவில்லை. முன்பே போய்விட்டார்கள், கணக்கு அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

ஒரே சதவீதம், ரெண்டு வகுப்பு

சேர்க்கை என்பது பதிவேட்டில் உள்ள பேர். வருகை என்பது அன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. அரசு பெருமையாகச் சொல்லும் எண்கள் பெரும்பாலும் முதல் வகைதான்.

வருகை சதவீதத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஒரு வகுப்பில் 40 பேர், மாதத்தில் 20 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 பிள்ளைகள் மாதம் முழுக்க வரவே இல்லை, மற்ற 35 பேரும் ஒருநாள்கூட லீவு போடவில்லை. வருகை 87.5 சதவீதம். இன்னொரு வகுப்பில் 40 பேரும் காய்ச்சல், திருவிழா என்று சராசரியாக ரெண்டரை நாள் லீவு. அங்கேயும் அதே 87.5 சதவீதம். இரண்டாவது வகுப்பில் பிரச்சினையே இல்லை. முதல் வகுப்பில் 5 பிள்ளைகள் படிப்பை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேலே போகும் அறிக்கையில் ரெண்டும் ஒன்றுதான்.

வராத பிள்ளையின் பேரை ஏன் எடுப்பதில்லை?

நல்ல காரணம் ஒன்று உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, 8ஆம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. பேரை அடித்துவிட்டால் தேடிப் போகும் பொறுப்பும் போய்விடும் என்பதால் இது சரியான ஏற்பாடுதான்.

இன்னொரு காரணத்தை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவாகிறது. எண்ணிக்கை குறைந்தால் 'உபரி ஆசிரியர்' என்று வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். நாலு பேர் குறைந்தால் ஒரு டீச்சர் போய்விடுவார் என்கிற நிலையில் இருக்கும் பள்ளி, பேரை எடுக்க அவசரப்படுமா?

நாடு முழுக்கவும் இந்தச் சிக்கல் உண்டு. மத்திய அரசின் யுடைஸ் கணக்கில் 2021-22ல் சுமார் 26.5 கோடியாக இருந்த மாணவர் எண்ணிக்கை 2023-24ல் 24.8 கோடியாகக் குறைந்தது. நடுவில், பள்ளிவாரியாக மொத்த எண்ணிக்கை வாங்குவதை விட்டுவிட்டு மாணவர்வாரியாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். முறை மாறியதால் பழைய எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பது கல்வி அமைச்சகத்தின் நிலை. சரிதான், ஆனால் ஒரே பிள்ளை ரெண்டு இடத்தில் பதிவாகியிருந்தால் புதிய முறையில் அது தெரிந்துவிடும்.

கூவக்கரையிலிருந்து பெரும்பாக்கம் வரை

சென்னையில் இது எப்படி நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள சிந்தாதிரிப்பேட்டை பக்கம் வரணும். இந்தப் பேட்டையை வளைத்துக்கொண்டு ஓடும் கூவத்தின் கரையில் இருந்த குடியிருப்புகள் பல இன்று இல்லை. தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணி முத்து நகரில் 2019 டிசம்பர் கடைசியிலும், மறுபடி 2020 டிசம்பரிலும் வீடுகள் இடிக்கப்பட்டு, பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. சுமார் 25 கிலோமீட்டர் தூரம். டிசம்பர் என்றால் கல்வியாண்டின் நடுப்பகுதி.

அம்மாவுக்கு வீட்டுவேலை இங்கே, அப்பாவுக்கு மார்க்கெட்டில் சுமை தூக்கும் வேலை இங்கே, வீடு மட்டும் அங்கே என்றால் பிள்ளை எங்கே படிக்கும்? கொஞ்ச நாள் பஸ் ஏறி பழைய பள்ளிக்கு வரும். இலவச பஸ் பாஸ் இருக்கு, ஆனால் போக வர மூணு மணி நேரம் போனால் யாருக்கும் தாங்காது. முதலில் திங்கட்கிழமை லீவு, அப்புறம் வாரத்தில் ரெண்டு நாள். பழைய பள்ளியில் பேர் இருக்கும், புதிய பள்ளியில் சேர்ந்திருக்காது. மத்திய கல்வி அமைச்சகத்தின் வரையறைப்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளை தகவல் சொல்லாமல் 45 நாட்கள் வராவிட்டால் 'பள்ளி செல்லாக் குழந்தை'. வாரத்துக்கு ரெண்டு நாள் தலைகாட்டும் பிள்ளை இந்த வரையறைக்குள் வரவே வராது!

சாப்பாடு போட்டால் வருவார்களா?

வருவார்கள். இதற்கு நூறு வருட சாட்சி இருக்கு. 1920ல் பக்கத்து ஆயிரம் விளக்கில்தான் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. இப்போதைய காலை உணவுத் திட்டத்தின் முதல் கட்டப் பள்ளிகளிலும் பெரும்பாலானவற்றில் வருகை கூடியதாக மாநிலத் திட்டக்குழு சொன்னது. நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு இது 2025 ஆகஸ்ட் 26ல் மயிலாப்பூரில் இருந்து விரிவானது. ஆனால் காலை உணவு 5ஆம் வகுப்பு வரைதான். பிளஸ் 1 பையன் நின்றுபோக வேறு காரணங்கள் இருக்கு.

டி.சி. இல்லைன்னா சேர்க்க மாட்டாங்களா?

சேர்க்கணும். சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டி 8ஆம் வகுப்பு வரை அனுமதியைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதும் காரணம் ஆகாது. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்கணும், அதுவும் வயதுக்கேற்ற வகுப்பில்.

நடைமுறையில் இடிக்கும் இடம் எமிஸ். மாணவர் விவரங்கள் இருக்கும் இந்த இணையதளத்தில் பழைய பள்ளி பேரை 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுக்க முடியும். அதனால் வீடு மாறும் பெற்றோர் எச்.எம்.-இடம் டி.சி.யோடு "எமிஸ்ல ரிலீஸ் பண்ணிட்டீங்களா?" என்றும் கேட்கணும், பிள்ளையின் எமிஸ் நம்பரையும் எழுதி வாங்கிக்கணும்.

9ஆம் வகுப்பு முதல் இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 2023ல் 50 ஆயிரம் பேர் வராமல் போனதும் அந்த வயதுப் பிள்ளைகள்தான். சேர்க்க மறுத்தால் பள்ளிக்கல்வித்துறையின் 14417 எண்ணிலும், பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுவது தெரிந்தால் 1098 எண்ணிலும் சொல்லலாம்.