தூக்கிலேறியவன் பெயரில் ஒரு பாபின்

பெல்ஜியத்தின் புரூஜ் நகரில், பழைய லேஸ் பள்ளிக் கட்டடம் ஒன்று இப்போது லேஸ் அருங்காட்சியகமாக இருக்கிறது. பிற்பகல்களில் அங்கே பெண்கள் திண்டுக்கு முன்னால் உட்கார்ந்து லேஸ் பின்னிக் காட்டுகிறார்கள். அதைக் காணொளியில் பார்த்த வாசகி ஒருவரின் கேள்வி: நூல் சுற்றிய இத்தனை பாபின் குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுகிறார்களே, நூல் சிக்கிக்கொள்ளாதா?

சிக்காது. குறுக்கே போடுவது, முறுக்குவது என்று இதில் இரண்டே அசைவுகள். எத்தனை பாபின்கள் தொங்கினாலும் பெரும்பாலும் நான்குதான் ஒரு நேரத்தில் கையில் ஓடும். மற்றவை ஒதுங்கிக் கிடக்கும். நாலு கால் பின்னல் போடத் தெரிந்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பின்னியதைக் குண்டூசிகள் பிடித்துக்கொள்ள, நூலை விறைப்பாக இழுத்து வைப்பது பாபினின் கனம்.

அந்தக் கனத்தில்தான் வேடிக்கை இருக்கிறது. புரூஜ் பாபினின் அடியில் குமிழ் உண்டு. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷையர், பக்கிங்ஹாம்ஷையர் பக்கத்துப் பாபின்களோ ஒல்லிக் குச்சிகள். அதனால் அடியில் கம்பி வளையம் மாட்டிக் கண்ணாடி மணிகளைக் கோத்தார்கள். எடையும் கூடியது, பாபின் திண்டில் உருளாமலும் இருந்தது. எலும்பில் கடைந்தவற்றில் புள்ளி புள்ளியாகக் குழித்து, வண்ணம் நிரப்பி எழுத்தும் பொறித்தார்கள். காதலன் பெயர், பிள்ளையின் பெயர், வேத வசனம்.

சிலவற்றில் தூக்கிலேறியவனின் பெயர்! மனைவியைக் கொன்றதற்காக 1860இல் பெட்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்ட ஜோசப் காசிலுக்கு இப்படிப் பாபின் உண்டு. 1868இல் அதே ஊரில் தூக்கிலேறிய வில்லியம் வொர்ஸ்லிக்கும் உண்டு. ஊரே திரண்டு பார்த்த சாவை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே கல்யாணத் துணிக்கு ஓரம் பின்னியிருப்பார்கள்.

செய்முறை காட்டும் கூடங்களில் இந்த மணிகளுக்குக் கிடைக்கும் மரியாதை பின்னிய கைகளுக்குக் கிடைப்பதில்லை. இங்கிலாந்து லேஸ் பள்ளிகளில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் நெடுநேரம் குனிந்து பின்னினார்கள். 1820களில் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் நடத்திய லேஸ் பள்ளியில் பின்னியவர்களும் சிறுமிகள்தாம். 1809இல் ஜான் ஹீத்கோட் வலைத்துணி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபின், கைவேலைக்காரர்கள் இயந்திரத்தின் விலையோடும் மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. இன்று சிரித்த முகத்தோடு ஒருவர் பின்னுவதை இரண்டு நிமிடம் படம்பிடித்துவிட்டு நகர்கிறவருக்கு இது ஓய்வுநேர விளையாட்டாகத்தான் தெரியும். திண்டுக்குப் பக்கத்தில், அந்தக் காலச் சிறுமியின் ஒருநாள் கூலியை எழுதி ஓர் அட்டை வைக்கலாம். பாபின் மணிகளுக்கு வைக்கும் அட்டையைவிடப் பெரிதாக.