பூச்சி தின்னும் பைச்செடி: தொட்டியில் வளர்க்கும் முறை

வயல் மூலையில் தேங்கிய நீரிலும், உரம் அதிகம் சேராத குட்டை ஓரங்களிலும் தலைமுடி போலப் பின்னிக் கிடக்கும் பச்சைக் கொடி ஒன்றைப் பலரும் பாசி என்றே நினைத்து ஒதுக்கி விடுகின்றனர். நீர் வற்றி இரண்டு விரற்கடை அளவுக்கு இறங்கியதும் அதிலிருந்து மெல்லிய காம்புகள் எழுந்து, மூக்குத்தி போல மஞ்சள் பூக்கள் மலரும். அப்போதுதான் அது பூக்கும் தாவரம் என்பது தெரிய வரும். இதன் தாவரவியல் பெயர் யூட்ரிகுலேரியா கிப்பா. பழைய நூல்களில் யூட்ரிகுலேரியா எக்ஸோலேட்டா என்ற பெயரில் காணப்படும். பைகளால் இரை பிடிப்பதால் இதைப் பைச்செடி எனலாம்.

இச்செடிக்கு வேர் கிடையாது. நூல் போன்ற கிளைகளில் 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவுள்ள பைகள் தொங்குகின்றன. பையினுள் இருக்கும் நீரைச் செடி வெளியேற்றிவிடுவதால் அதன் சுவர்கள் உட்குழிந்து நிற்கும். வாயிலில் உள்ள மயிர்களை நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர் தொட்டதும் கதவு திறந்து, நீரோடு இரையும் உள்ளே இழுக்கப்படுகிறது. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் இது முடிந்து விடுகிறது. 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய சார்லஸ் டார்வின்கூட, இரைதான் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு நுழைகிறது என்றே கருதினார். உறிஞ்சும் வேகம் அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. 2013-இல் இச்செடியின் மரபுப்பொருள் முழுவதும் படித்து வெளியிடப்பட்டபோது, அது நெல்லினுடையதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அளவே என்பது தெரிந்தது.

தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்த நீரில் பிழைப்பதற்காகவே இச்செடி இரை பிடிக்கிறது. வளர்ப்பு முறை முழுவதும் இந்த ஒன்றைப் பொறுத்தது. யூரியா, டி.ஏ.பி., சாணக்கரைசல் எதையும் தொட்டியில் இடக்கூடாது. உரம் இட்டால் முதலில் தழைப்பது நூல்பாசி. அது பைச்செடியை மூடி அழுத்திவிடும்.

நீரும் தொட்டியும்

மழைநீரே சிறந்தது. இல்லாவிடில் ஆர்.ஓ. நீர் போதும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரில் செடி சில வாரம் உயிரோடு இருக்கும். ஆனால், கோடையில் நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறி, கிளைகள் பழுத்துக் கரையும். புதிய சிமெண்டுத் தொட்டியிலும் இதே தொல்லை உண்டு. அதைப் பயன்படுத்துவதானால் இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி, அவ்வப்போது மாற்றிச் சுண்ணாம்பைப் போக்கிய பிறகே செடியை விட வேண்டும். பிளாஸ்டிக் தட்டு அல்லது மெருகிட்ட பீங்கான் கிண்ணமே தொல்லையில்லாதது.

நீரில் மிதக்க விட்டு வளர்ப்பதுதான் வழக்கம். ஆனால், நம் ஊர்களில் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டருகே தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. பைச்செடி கொசுப்புழுவைத் தின்னும் என்று கேள்விப்பட்டு, தொட்டியில் அதை விட்டுவிட்டு நிம்மதியாக இருப்போர் உண்டு. இது தவறு. இந்த இனத்தின் பை மிகச் சிறியது. அப்போதுதான் பொரித்த புழுக்களில் சிலவற்றைப் பிடிக்கலாமே தவிர, வளர்ந்த புழுவை விழுங்க இயலாது. வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே நீர்த்தொட்டியில் வளர்ப்போர் அதைக் கொசுவலைத் துணியால் இறுக மூடிக் கட்டவேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் புழுக்கொல்லி மருந்து ஊற்ற வந்தால் செடியைக் காட்டித் தடுக்கக் கூடாது. செடி போனால் மறுபடி வளர்த்துக் கொள்ளலாம்.

சேற்றில் வளர்த்தல்

இதைவிட நல்ல வழி, தேங்கும் நீரே இல்லாமல் வளர்ப்பது. தென்னை நார்க்கழிவை நான்கைந்து முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்து உப்பை நீக்கி, அதே அளவு கழுவிய ஆற்று மணலுடன் கலக்க வேண்டும். கடல் மணல் உதவாது. மணலில் கிளிஞ்சல் இருக்கிறதா என்ற ஐயம் எழுந்தால் சிறிது எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கலாம்; நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. ஆழம் குறைந்த தட்டில் இக்கலவையை 5 செ.மீ. உயரம் பரப்பி, குழம்பும் அளவுக்கு நனைத்து, 2 அல்லது 3 செ.மீ. நீளத் துண்டுகளை மேலாக வைத்து இலேசாக அழுத்தினால் போதும். ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகும். மேற்பரப்பு எப்போதும் பளபளவென்று ஈரமாக இருக்கவேண்டும். ஆனால் குட்டையாக நீர் நிற்கக்கூடாது. கோடையில் காலை, மாலை இருவேளையும் பார்ப்பது அவசியம். இப்படிச் சேற்றில் படர்ந்த செடி, நீரில் மிதப்பதைவிட நன்றாகப் பூக்கும் என்பது கூடுதல் ஆதாயம்.

காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் தேவை. சித்திரை, வைகாசியில் உச்சி வெயிலுக்கு நிழல்வலை கட்டலாம். இரை தேடிப் போட வேண்டியதில்லை; ஈரக் கலவையில் தானாகப் பெருகும் நுண்ணுயிர்களே போதும். இரை சேர்ந்த பைகள் கருத்துத் தோன்றுவதைக் கைலென்சில் காணலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல பொருள்.

நூல்பாசி வந்துவிட்டால் மயில்துத்தம் போட வேண்டாம். பாசியோடு செடிக்கும் இரைக்கும் கேடு வரும். சுத்தமான நுனித் துண்டுகளை மட்டும் கிள்ளி எடுத்து, புதிய கலவையில் வைப்பதே வழி.

விதைச்செடியாகச் சொந்த வயலிலிருந்து ஒரு பிடி எடுத்தால் போதுமானது. மலைப்பாறைகளில் கசியும் நீரில் வளரும் வேறு யூட்ரிகுலேரியா இனங்களைக் காப்புக்காடுகளிலிருந்து பெயர்த்து வருவது சட்டப்படி குற்றம். அவை சமவெளி வெப்பத்தைத் தாங்குவதும் அரிது. மீன்தொட்டியில் கிப்பாவை விட்டால் மற்ற நீர்ச்செடிகளோடு பின்னிக் கொண்டு பிரிக்க முடியாதபடி ஆகிவிடும். நியூசிலாந்தில் வெளியிலிருந்து புகுந்த இச்செடி நீர்க்களையாகவே கருதப்படுகிறது. தட்டில் மிகுந்து போனதை வாய்க்காலில் கொட்டாமல் வெயிலில் காயவைத்து எருக்குழியில் இடலாம்.