குளிர்கடலில் ஒரு வால்வு

தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் 'த்ராட்டிலிங்' நடத்தும்போது, "இதெல்லாம் எங்கே சார் யூஸ் ஆகப்போகுது?" என்று நினைத்திருக்கிறீர்களா? நானும்தான். ஆனால் கடலுக்கடியில் 40 மீட்டர் ஆழத்துக்குப் போன ஒருத்தர் பத்திரமாக மேலே வருவது அந்தப் பாடத்தைப் பொறுத்து இருக்கு. எப்படின்னு பார்ப்போம் வாங்க.

முதலில் இடம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னி தீவுகளுக்கு நடுவில் ஸ்காபா ஃப்ளோ என்றொரு கடற்பரப்பு. முதல் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மனியின் 74 போர்க்கப்பல்களை நேச நாடுகள் இங்கே காவலில் வைத்தன. அவை எதிரி கைக்குப் போகக்கூடாது என்று 1919 ஜூன் 21 அன்று அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர் ரகசிய உத்தரவு கொடுத்தார். மாலுமிகளே வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் 52 கப்பல்கள் மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பிறகு இரும்புக்காகத் தூக்கிவிட்டார்கள். மிச்சமிருப்பவற்றில் கோனிக், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப் என்ற மூன்றும் 25,000 டன்னுக்கு மேற்பட்டவை. இவற்றைப் பார்க்கத்தான் உலகம் முழுக்க இருந்து டைவர்கள் வருகிறார்கள்.

பிரச்சினை, குளிர். குளிர்காலத்தில் தண்ணீர் சுமார் 6 டிகிரிக்கு இறங்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துவிடும். அதனால் உடம்பில் தண்ணீரே படாத 'டிரை சூட்' போடுகிறார்கள். உள்ளே இருக்கும் காற்றுதான் கம்பளி மாதிரி காக்கும். ஆனால் ஆழம் போகப் போக அந்தக் காற்று சுருங்கும். சிலிண்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பணும். மேலே வரும்போது அது விரியும், வெளியேற்றணும். மறந்தால் பலூன் மாதிரி மேலே தூக்கிவிடும். எல்லாம் நம்ம பாயில் விதிதான்.

இப்போ முக்கியமான விஷயம். சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கும். ரெகுலேட்டரின் முதல் நிலை அதைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டும் அதிகமாகக் குறைக்கும். இவ்வளவு பெரிய அழுத்தக் குறைவில் காற்று குளிர்ந்து, சுழியம் டிகிரிக்கும் கீழே போய்விடும். வெப்பமான கடலில் சுற்றியுள்ள தண்ணீரே சூடு கொடுத்துச் சரிக்கட்டிவிடும். 6 டிகிரி தண்ணீரிடம் கொடுக்க என்ன இருக்கு? ரெகுலேட்டரைச் சுற்றிப் பனிக்கட்டி கட்டும். வால்வு மூடாமல் மாட்டிக்கொள்ளும். காற்று நிற்காமல் கொட்டும். இதற்கு 'ஃப்ரீ ஃப்ளோ' என்று பெயர். அதிகம் கொட்டினால் இன்னும் குளிரும், இன்னும் உறையும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் படித்த பாசிட்டிவ் ஃபீட்பேக் இதேதான்.

கணக்கையும் பார்த்துடலாம். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார்: மொத்தம் 2400 லிட்டர் காற்று. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு என்று வைத்தால், 40 மீட்டரில் அழுத்தம் 5 பார், அதனால் 100 லிட்டர் ஆகும். அதாவது எல்லாம் சரியாக இருந்தாலே 24 நிமிடம்தான். ஃப்ரீ ஃப்ளோ வந்தால் சில நிமிடங்களில் காலி. சட்டென்று மேலே ஓடிவரவும் முடியாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி ஆளை முடக்கிவிடும்.

அப்போ என்னதான் வழி? 10 டிகிரிக்குக் கீழே போவதற்கு, ஐரோப்பிய தரமான இஎன் 250-இன்படி குளிர்நீரில் சோதித்த ரெகுலேட்டர்தான் வேண்டும். இதில் ஸ்பிரிங் இருக்கும் பகுதியைத் தண்ணீர் தொடாதபடி மூடியிருப்பார்கள். இரண்டு முதல் நிலைகள், தனித்தனி அடைப்பு வால்வுகள் இருக்கணும். ஒன்று உறைந்தால் அதை மூடிவிட்டு மற்றதில் சுவாசிக்கலாம். மூச்சு இழுத்துக்கொண்டே சூட்டுக்கும் காற்று நிரப்பக்கூடாது. ஓட்டம் கூடினால் குளிர்ச்சியும் கூடும். தடிமனான கையுறையோடு, விரல் மரத்த நிலையில் அந்த வால்வைத் திருகப் பழகியிருக்கணும்.

வால்வைத் திறந்து மூழ்கடித்த கப்பல்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, மூடாத ஒரு வால்வுதான் பெரிய பயம். அடுத்த முறை த்ராட்டிலிங் கணக்கு வந்தால், தூங்காம போடுங்க நண்பர்களே!