அசையும் உடலும் தெளிவான படமும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகர் ஸ்ரீ விஜயபுரம். 2024ஆம் ஆண்டு வரை இந்நகரம் போர்ட் பிளேயர் என வழங்கப்பட்டது. இதற்கு எதிரே வடக்கு விரிகுடாவில் ஒரு கலங்கரை விளக்கம் உள்ளது. பழைய சிவப்பு நிற இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இடம்பெற்றிருப்பது அதுவே. ஆடும் படகிலிருந்து அதைப் படம் எடுத்தால் படம் மங்கலாகும். அலை தணியும் நொடிக்காகக் காத்திருந்து எடுத்தால் தெளிவாக அமையும்.

மருத்துவமனையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. எம்.ஆர்.ஐ. கருவி காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு உடலின் உட்பகுதியைப் படமாக்குகிறது. அது கண்ணிமைக்கும் நேரத்தில் படம் எடுப்பதில்லை; தகவல்களைச் சிறிது சிறிதாகத் திரட்டுகிறது. சோதனை முடிய அரைமணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் நோயாளி தலையை அசைத்தால் படம் மங்கும். மூச்சு விடும்போது கல்லீரலும் மேலும் கீழும் நகரும். அதனால் படத்தில் பொய்யான நிழல்கள் தோன்றும். அந்நிழல் ஒரு சிறு கட்டியை மறைத்துவிடவும் கூடும்.

உயர் சிகிச்சைக்காகத் தீவுகளிலிருந்து சென்னைக்குச் செல்லும் நோயாளிகள் உள்ளனர். கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். அவ்வாறு வந்தவரின் படம் தெளிவின்றி அமைந்தால், சோதனையை மீண்டும் செய்ய நேரிடும். அசையாமல் படுக்க இயலாத குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதும் உண்டு.

இக்குறையைப் போக்க, உடலில் அணியும் உணரிகள் உதவுகின்றன. காற்று நிரம்பிய மெல்லிய பை ஒன்றைப் பட்டையால் வயிற்றின்மீது கட்டுவர். மூச்சை இழுக்கும்போது வயிறு உயர்ந்து பையை அழுத்தும். அந்த அழுத்த மாற்றம் குழாய் வழியாகக் கருவியை அடையும். கருவி, மூச்சு வெளியேறி உடல் அமைதியாக இருக்கும் வேளையில் மட்டும் தகவலைத் திரட்டும். இதயத்தைப் படமெடுக்க, மார்பில் ஒட்டும் மின்முனைகள் அதன் துடிப்பை அறிவிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அதே கட்டத்தில் கருவி இயங்கும். தலையின் அசைவை அறிய, நெற்றியில் சிறு குறியீடு ஒன்றைப் பொருத்துவது மற்றொரு முறை. அதை ஒளிப்படக் கருவி கண்காணிக்கும். தலை நகர்ந்த அளவுக்கேற்பப் படமெடுக்கும் இடமும் மாற்றப்படும். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் மிக வலிமையானது. ஆகவே அதனால் ஈர்க்கப்படும் இரும்பு போன்ற உலோகங்கள் இல்லாமலே இவ்வுணரிகள் உருவாக்கப்படுகின்றன.

திடீரெனப் புரண்டு படுத்தால் உணரிகளாலும் படத்தைக் காக்க இயலாமல் போகலாம். எனவே, அசையாமல் இருக்குமாறு பணியாளர் கூறும் அறிவுரை இன்றும் தேவையானதே. ஆயினும் மூச்சையும் இதயத்துடிப்பையும் எவராலும் நெடுநேரம் நிறுத்தி வைக்க இயலாது. அங்கே மனிதர் கருவிக்காகக் காத்திருப்பதில்லை. கருவியே மனிதருக்காகக் காத்திருக்கிறது.