பதிவேட்டில் நம் பெயர் சரியாக இருக்கிறதா?

பொழுது புலருமுன்னர் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கிராணியார் செக்ரோல் புத்தகத்தைப் புரட்டிப் பெயர் கூப்பிடக் குரல் கொடுத்த அனுபவம், நம் தோட்டங்களில் வாழும் மூத்த தலைமுறையினர் அனைவருக்கும் உண்டு. அப்புத்தகத்தில் பெயர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு. பெயர் விடுபட்டுப் போயிற்றென்றால், நாள் முழுவதும் மரம் வெட்டிப் பால் சுமந்து வந்தாலும் சம்பள நாளன்று கையில் ஒன்றும் வாராது. உழைத்தது உண்மைதான், ஆயினும் உழைத்ததற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றுதான் செக்ரோல்.

இன்று நாட்டின் நிர்வாகமும் இதே முறையில்தான் நடைபெறுகின்றது. ஒரு வேற்றுமை மட்டுமே உண்டு. புத்தகத்தின் இடத்தில் கணினி அமர்ந்திருக்கின்றது. சேமநிதி, சொக்சோ, ரொக்க உதவி, மருத்துவம், பள்ளிக்கூடம் ஆகிய எதை நாடிச் சென்றாலும், முதலில் நம்மைத் தேடுவது கணினிப் பதிவேட்டிலேயாகும். அங்கே நம் பெயர் எவ்வாறு ஏறியிருக்கின்றது, ஏன் அது சரியாக இருக்க வேண்டும் என்பவற்றை நெகிரி செம்பிலான் தோட்ட மக்கள் அனைவரும் அறிந்துகொள்வது நலம்.

தாளிலிருந்து அட்டைக்கு

நம் நாட்டில் அடையாள அட்டை முதன்முதலில் 1948ஆம் ஆண்டில், அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட பின்னர் வழங்கப்பட்டது. அன்று அது வெறும் தாள். புகைப்படமும் கைரேகையும் அதில் இருந்தன. அந்தத் தாளின் அருமையைப் பலர் பின்னரே உணர்ந்தனர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியவராயினர். பல ஆண்டுகள் இம்மண்ணிலே உழைத்தும் குடியுரிமைப் பத்திரம் எடுக்காதிருந்த தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இந்தியா திரும்பினர். விண்ணப்பிக்க வேண்டிய காலத்தில் விண்ணப்பிக்காமையால் குடும்பங்கள் பிரிந்த வரலாறு நம் லயங்களில் இன்றும் பேசப்படுகின்றது. பத்திரம் என்பது பெட்டிக்குள் கிடக்கும் தாள்தானே என்று எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

1990ஆம் ஆண்டில் 12 இலக்க அடையாள எண் நடைமுறைக்கு வந்தது. 1996ஆம் ஆண்டில் அரசாங்கம் மல்டிமீடியா பெருவழித் திட்டத்தைத் தொடங்கியபோது, மின் அரசாங்கமும் பல்பயன் அட்டையும் அதன் முதன்மைப் பணிகளுள் இடம்பெற்றன. அதன் விளைவாக 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் மைகார்டு அறிமுகமாயிற்று. சிறுவர்க்கான மைகிட் 2003ஆம் ஆண்டில் வந்தது. மைகார்டின் முகப்பில் பொன்னிறமாக மின்னும் சிறு சில்லு ஒன்று இருப்பதைக் காண்கிறோம். நம் விவரங்களும் இரு கட்டைவிரல்களின் ரேகைகளும் அதில் பதிவாகியுள்ளன. அலுவலகத்தில் கருவியின்மேல் விரலை வைக்கும்பொழுது, அந்த விரலையும் சில்லில் உள்ள ரேகையையும் கருவி ஒப்பிட்டுப் பார்க்கின்றது. இரண்டும் ஒத்தால், அட்டையைக் கொண்டு வந்தவரே அதற்கு உரியவர் என்று உறுதி செய்கின்றது.

பன்னிரண்டு இலக்கங்களின் பொருள்

அந்த 12 இலக்கங்களும் மனம்போன போக்கில் இட்டவையல்ல. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிக்கும். 1984ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பிறந்தவரின் எண் 840312 என்று தொடங்கும். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் காட்டும். நெகிரி செம்பிலானுக்கு உரிய குறியீடுகளுள் 05 என்பது ஒன்று. இறுதி நான்கும் வரிசை எண். அவற்றிலும் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண்.

கணினி நம்மைப் பெயரால் அறிவதைக் காட்டிலும் எண்ணால் அறிவதே மிகுதி. ஏனெனில் ஒரே பெயருடையோர் ஆயிரம் பேர் இருக்கலாம். ஒரே எண்ணுடையோர் இருவர் இருத்தல் இயலாது. ஒரு தோட்டத்தில் மூன்று முனியாண்டிகள் இருந்தால் கிராணியார் அவர்களைத் தந்தை பெயராலும் லயத்தாலும் பிரித்தறிவார். கணினிக்கு லயமும் தெரியாது, முகமும் தெரியாது; எண்ணே அதற்கு முகமாகும்.

பதிவேடுகள் ஒன்றையொன்று ஒப்பிடுதல்

முன்னாளில் ஓர் உதவி பெற வேண்டுமானால் பிறப்புப் பத்திரம், திருமணச் சான்று, சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கட்டாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சிரம்பானுக்கோ குவாலா பிலாவுக்கோ செல்ல வேண்டியிருந்தது. ஒரு தாள் குறைந்தாலும் மறுநாள் வரச் சொல்வார்கள். ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் கூலியன்றோ?

ஒரு முறை அரசாங்கத்திடம் கொடுத்த விவரத்தை மறுமுறை மக்களிடம் கேளாமல், இலாகாக்களே தங்களுக்குள் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய சீர்திருத்தத்தின் நோக்கம். ஏழ்மை நிலையிலுள்ள குடும்பங்களுக்கான இ-காசே என்னும் தேசியப் பதிவேடு 2008ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. குடும்பங்களின் வருமான நிலையை ஒரே இடத்தில் திரட்டும் பொருட்டு, பாடு எனப்படும் முதன்மைத் தரவுத்தளம் 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. அது தொடங்கிய நாள்களிலேயே அதன் பாதுகாப்பில் ஒரு குறை சுட்டிக்காட்டப்பட்டுத் திருத்தப்பட்டது. பெரிய பதிவேடு பெரிய காவலையும் வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடமாயிற்று.

இம்முறை நன்கு பயன்பட்டமைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் முதல், 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர் ஒவ்வொருவருக்கும் 100 ரிங்கிட் சாரா உதவி அவரவர் மைகார்டின் வழியாக வழங்கப்பட்டது. பாரம் நிரப்ப வேண்டியதில்லை, கைப்பேசியும் தேவைப்படவில்லை. பங்கேற்ற கடையில் அட்டையைக் காட்டி அரிசியும் பிற அத்தியாவசியப் பொருள்களும் வாங்கிக்கொள்ள முடிந்தது. எழுத்தறியாத பாட்டிக்கும் அது எட்டியது. புதிய தொழில்நுட்பம் எளியவரைத் தேடி வர வேண்டுமேயன்றி, எளியவர் அதனைத் தேடி அலைவது முறையன்று என்பதை இது காட்டுகின்றது.

ஓர் எழுத்தால் வரும் இடர்

ஒரு தொழிலாளியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அவர் பகாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் 1980களில் வேலைக்குச் சேர்ந்தார். பிறந்தபொழுது அவருடைய தந்தையின் பெயரை எழுதியவர் முனியாண்டி என்பதன் இறுதியில் ஆங்கில 'ஐ' எழுத்தை இட்டார். அடையாள அட்டையிலோ 'ஒய்' எழுத்து இடப்பட்டது. மனைவி லட்சுமியின் பெயர் ஒரு பத்திரத்தில் லக்ஷ்மி என்றும், மற்றொன்றில் லெட்சுமி என்றும் பதிவாயிற்று. சேமநிதிக் கணக்கில் அவருடைய பழைய அடையாள அட்டை எண் மட்டுமே உள்ளது. இத்தனை வேறுபாடுகளும் 40 ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியாமல் உறங்கிக் கிடந்தன.

அவர் காலமான பின்னர் மனைவி சேமநிதிப் பணத்தைக் கேட்டுச் செல்கின்றார். தாம்தான் மனைவி என்பதைத் தாள்களால் நிலைநாட்ட வேண்டிய நிலை அவருக்கு ஏற்படுகின்றது. அவ்வளவோடு நில்லாமல், கணவர் திருமணத்திற்கு முன்னரே தம் தாயாரை வாரிசாக நியமித்துவிட்டு, பின்னர் மாற்றாமலே இருந்துவிட்டார் என்பதும் தெரிய வருகின்றது. முஸ்லிம் அல்லாத உறுப்பினரின் பணம், அவர் நியமித்த வாரிசுக்கே சேரும். இங்கே கணினி பிழை செய்யவில்லை. எழுதியிருப்பதை எழுதியவாறே காட்டிற்று. பிழையைத் திருத்தக்கூடியவர் உயிரோடு இருந்த காலத்தில் திருத்தப்படவில்லை என்பதுதான் துயரம்.

ரேகை தேய்ந்த விரல்கள்

நம் தொழிலாளர்க்கே உரிய மற்றோர் இடரும் உண்டு. நாள்தோறும் வெட்டுக் கத்தியைப் பிடித்து, மங்குகளைத் துடைத்து, பாலை உறையச் செய்யும் அமிலத்தோடும் பழகிய விரல்களில் ரேகை தேய்ந்துபோவது இயல்பு. அத்தகைய விரலைக் கருவி அறியத் தவறலாம். இந்தியாவில் 2010ஆம் ஆண்டு முதல் ஆதார் எண் வழங்கப்பட்ட பின்னர், ரேகை படியாமையால் கூலித் தொழிலாளரும் முதியோரும் ரேஷன் கடைகளில் அல்லற்பட்டமை பரவலாக வெளிவந்தது. இங்கும் அத்தகைய நிலை நேர்ந்தால் நாம் வெட்கித் திரும்பி வரலாகாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு மற்றக் கட்டைவிரலை வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் படியாவிடில், வேறு வகையில் சரிபார்க்குமாறு அலுவலரிடம் பணிவோடும் உறுதியோடும் கேட்க வேண்டும். தேய்ந்த விரல் உழைப்பின் அடையாளமாகும்; அது உரிமையை இழப்பதற்குக் காரணமாகலாகாது.

நம் கணக்கை நாமே பார்த்தல்

முன்னர் சேமநிதிக் கணக்கைத் தோட்ட அலுவலகம் சொல்லித்தான் நாம் அறிந்தோம். இன்று கைப்பேசி வழியாகவோ, சேமநிதி வாரிய அலுவலகத்திலோ எவரும் தம் கணக்கைப் பார்க்கலாம். மாதம் 1,700 ரிங்கிட் சம்பளம் பெறுபவரை எடுத்துக்கொள்வோம். 60 வயதிற்கு உட்பட்ட தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். இரண்டும் சேர்ந்து 408 ரிங்கிட் அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் செலுத்தப்பட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்த தொகை கணக்கில் ஏறியிருக்கின்றதா என்று மாதந்தோறும் பார்ப்பவர், குறை நேர்ந்த உடனே வாரியத்திடம் முறையிடலாம். பத்தாண்டு கழித்துத் தோட்டம் கைமாறிய பின்னர் பார்ப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்?

லாபு, நீலாய் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பழைய தோட்ட முகவரியையே அட்டையில் வைத்திருந்தால், அரசாங்கக் கடிதங்கள் ஆளில்லாத இடத்திற்கே போய்ச் சேரும். முகவரி மாறினால் 30 நாள்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

கணினியால் ஆகாதவை

பதிவு செய்யாத ஒன்றைக் கணினி காட்டாது. கோயிலில் தாலி கட்டியதோடு திருமணம் முடிந்தது என்று எண்ணிவிடுவோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். 1976ஆம் ஆண்டின் திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நடப்பில் உள்ளது. அதன்படி பதிவு பெறாத திருமணத்தில் பிறந்த குழந்தை, குடியுரிமையில் தாயின் நிலையையே பின்பற்றும். தாய்க்குக் குடியுரிமை இல்லையாயின் குழந்தையும் நாடற்றதாக நேரிடும். 2011ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் மைடஃப்தார் இயக்கங்கள் நடத்தப்பட்டமைக்குக் காரணம், இத்தகைய பத்திரச் சிக்கல்கள் இந்தியச் சமுதாயத்தில் மிகுந்திருந்தமையே. குழந்தை பிறந்தால் பெயர் சூட்டு விழாவிற்குக் காத்திராமல், 60 நாள்களுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுவது பெற்றோர் கடமையாகும்.

நாம் செய்ய வேண்டியவை

இம்மாதத்து ஓய்வு நாள் ஒன்றில் வீட்டுப் பெட்டியைத் திறந்து எல்லாப் பத்திரங்களையும் பாயில் பரப்பி வைப்போம். பள்ளியில் படிக்கும் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு, ஒவ்வொருவரின் பெயரும், தந்தை பெயரும், எண்ணும் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிடச் சொல்வோம். வேறுபாடு இருந்தால் அதனைக் குறித்துக்கொண்டு, மூலப் பத்திரங்களோடு பதிவு இலாகாவிற்குச் சென்று திருத்தும் வழியைக் கேட்போம். சேமநிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கின்றது என்பதையும் அறிந்துகொள்வோம்.

மற்றொன்றும் நினைவில் இருத்தல் வேண்டும். உதவிப் பணம் வந்திருக்கின்றது என்று தொலைபேசியில் சொல்லி, இரகசிய எண்ணைக் கேட்பவரிடம் அதனைச் சொல்லலாகாது. ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் உடனே 997 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் தனியே செய்ய இயலாத முதியோர் ஒவ்வொரு லயத்திலும் இருக்கின்றனர். தொழிற்சங்கத்தாரும், கோயில் நிர்வாகத்தினரும், படித்த இளைஞர்களும் முன்வந்து அவர்களுக்குத் துணை நின்றால், ஒரு தோட்டத்துப் பத்திரங்கள் அனைத்தையும் சில வாரங்களில் சரிபார்த்துவிடலாம். அன்று பெரட்டில் பெயர் விடுபட்டால், பக்கத்தில் நின்றவர் 'ஐயா, இவரும் வந்திருக்கிறார்' என்று குரல் கொடுத்ததுண்டு. கணினியின்முன் குரல் கொடுக்க இயலாதவர்க்காக நாம் கொடுக்க வேண்டிய குரலும் அதுவே.